வீடு மலிவுதான், வாங்கத்தான் முடியவில்லை

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: “உங்க ஊர்ல வீடெல்லாம் சும்மா கொடுக்கிற மாதிரி இருக்கே!” அதே வீட்டில், ஈப்போ தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் தம்பி ஒருவர் இருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வீடு பார்க்கலாம் என்று அவரும் அலைந்துகொண்டுதான் இருப்பார். அவரிடம் கேட்டால், “எங்கண்ணே கிடைக்குது, கேட்கிற விலையெல்லாம் நமக்கு எட்டாது” என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒருவர் விலையைச் சொல்கிறார், மற்றவர் கட்டுபடியைச் சொல்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் காப்பிக்கடையிலிருந்து தேர்தல் மேடை வரை “மலிவு வீடு” என்ற பேச்சு ஒரு முடிவுக்கு வராமலே சுற்றுகிறது. ரப்பர் போய், செம்பனையும் ஆட்களைக் குறைத்து, இளையவர்கள் வெளியூருக்குக் கிளம்பிவிட்ட ஒரு தோட்டப்புற ஊரில் வீடு எப்படிக் கட்டுபடியாகிறது, எங்கே ஆகாமல் போகிறது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

விலை வேறு, கட்டுபடி வேறு

மோட்டார் சைக்கிள் கடைக்குப் போகிற பையனைக் கவனியுங்கள். “மொத்தம் எவ்வளவு?” என்று அவன் கேட்கவே மாட்டான். “டெபோசிட் எவ்வளவு, மாசம் எவ்வளவு?” என்றுதான் கேட்பான். கடைக்காரரும் “சம்பளச் சீட்டு இருக்கா?” என்று திருப்பிக் கேட்பார். மாதத் தவணை சம்பளத்துக்குள் அடங்கினால் வண்டி கிடைக்கும். அடங்காவிட்டால், அதே வண்டி அதே விலைக்குக் கடையில் நின்றாலும் அது அவனுக்கு இல்லாத வண்டி.

வீடும் அப்படித்தான். தொகை பெரிது, தவணை 30, 35 வருடம் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மலேசியாவில் கசானா ஆய்வுக் கழகம் 2015-இல் வெளியிட்ட வீட்டு அறிக்கையும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியின் இடைநிலை வீட்டு விலை, அங்குள்ள குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்தப் பகுதியில் வீடு கட்டுபடியாகவில்லை என்று பொருள்.

இடைநிலை என்றால் என்ன? நூறு குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்துங்கள். சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்தான் இடைநிலை வருமானம். சராசரி எடுத்தால் ஒரே ஒரு கோடீஸ்வரர் மொத்தக் கணக்கையும் மேலே தூக்கிவிடுவார். நடுக்குடும்பத்தைப் பார்த்தால் அந்த ஏமாற்று நடக்காது.

2022 கணக்கெடுப்பில் மலேசியா முழுமைக்கும் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 6,338 ரிங்கிட். கோலாலம்பூரில் 10,234. பேராக்கில் 4,494. இந்த மூன்று எண்களையும் முதலில் 12-ஆல், பிறகு 3-ஆல் பெருக்கிப் பாருங்கள். கோலாலம்பூரின் நடுக்குடும்பத்துக்கு ஏறக்குறைய 3 லட்சத்து 68 ஆயிரம் ரிங்கிட் வீடு கட்டுபடியாகும். பேராக்கின் நடுக்குடும்பத்துக்கு 1 லட்சத்து 62 ஆயிரம். தீபாவளிக்கு வந்தவர் 2 லட்சத்து 20 ஆயிரம் வீட்டைப் பார்த்து “சும்மா” என்று சொன்னதன் காரணம் இதுதான். அவர் கையிலிருக்கும் அளவுகோல் வேறு.

இதுவும் மாநிலக் கணக்குதான். ஈப்போவின் அரசு ஊழியர்களும் பெரிய கடைக்காரர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். தோட்டத்திலோ சிறு தொழிற்சாலையிலோ குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டால், 2025-இல் அந்தச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கு மூன்று மடங்குக் கணக்கு 61,200 ரிங்கிட்டில் நின்றுவிடும். கணவன், மனைவி இருவரும் அதே சம்பளம் வாங்கினால் 1 லட்சத்து 22 ஆயிரத்து 400.

இதுவரை சுருக்கமாக: மலிவு என்பது வீட்டின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு. கட்டுபடி என்பது அந்த விலைக்கும் வாங்குகிறவரின் வருமானத்துக்கும் உள்ள உறவு. விலை குறைவான ஊரில் வருமானம் அதைவிடக் குறைவாக இருந்தால், அங்கேயும் வீடு எட்டாது.

வேலை போன ஊரில் விலை ஏன் முழுசாக விழுவதில்லை?

நியாயமான கேள்வி. வாங்க ஆளில்லை என்றால் விலை விழத்தானே வேண்டும்?

பழைய வீட்டுக்கு ஓரளவு அப்படித்தான். புதிய வீட்டுக்கு அது நடக்காது. சிமெண்டும் கம்பியும் சுங்கை சிப்புட்டுக்கென்று தனி விலையில் வருவதில்லை. லாரிக்கூலி சேர்ந்தால் ஈப்போவைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். நிலம் மலிவாக இருக்கலாம், ஆனால் மேலே கட்டுவதற்கான செலவுக்கு ஒரு தரை இருக்கிறது. அந்தத் தரைக்குக் கீழே விற்க எந்த மேம்பாட்டாளரும் வரமாட்டார். வருகிறவரும் யாரை மனதில் வைத்துக் கட்டுவார்? தோட்டத்துக்காரரை அல்ல. ஈப்போவில் வேலை செய்துகொண்டு 30 கிலோமீட்டர் கார் ஓட்டத் தயாராக இருக்கும் ஆசிரியரை, தாதியை, பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவரை. புதுத் தாமானின், அதாவது புதுக் குடியிருப்புப் பகுதியின், விலையை அவர்களுடைய சம்பளம்தான் தீர்மானிக்கிறது.

பழைய குறைந்த விலை வீடுகள் எங்கே போயின? 1980-களின் தொடக்கத்தில் குறைந்த விலை வீட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 25,000 ரிங்கிட். 1998-இல் அது இடத்துக்கு ஏற்ப 42,000 வரை உயர்ந்தது. முதல் விற்பனைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. வாங்கியவர் காலம் கழித்து விற்கும்போது பெரும்பாலும் சந்தை விலைக்கு விற்பார். ஆகவே “குறைந்த விலை வீடு” என்று இன்றும் பேர் சொல்லும் வரிசையில், பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டி, முன்னால் காருக்குக் கூரை போட்ட வீடு, பழைய விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. பேர்தான் பழையது.

அப்புறம், பூட்டிக் கிடக்கும் வீடுகள். புல் முளைத்து, தபால் பெட்டி துருப்பிடித்துப் பல வருடமாக யாரும் இல்லாத வீடு எந்தத் தாமானிலும் ஒன்றிரண்டு இருக்கும். இவ்வளவு காலியாக இருந்தும் விற்பனைக்கு வராததற்குப் பல நேரங்களில் ஒரே காரணம்: கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருக்கும் பெயர் காலமான அப்பாவுடையது. ஒரு மகன் சிங்கப்பூரில், ஒரு மகள் கிள்ளானில், இன்னொருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. பெயர் மாறாமல் வீட்டை விற்க முடியாது. இத்தனைக்கும் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. சிறு சொத்துகள் பங்கீட்டுச் சட்டம் 1955-இன் கீழ், நிலத்தோடு கூடிய சிறிய சொத்தை நில அலுவலகத்திலேயே விண்ணப்பித்து வாரிசுகளுக்குப் பங்கிடலாம். உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியதில்லை. நம் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடுவதற்குப் பணத்தைவிட, யார் முதலில் வாயைத் திறப்பது என்ற தயக்கம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தயக்கத்தால் ஊரின் வீட்டுச் சந்தையிலிருந்தே ஒரு வீடு காணாமல் போகிறது.

தோட்ட வீடு: இருக்கும்வரை சொந்தம்

தோட்டப்புற ஊரின் வீட்டுப் பிரச்சினைக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வேர் உண்டு. லயத்து வீடு வாடகை வீடும் அல்ல, சொந்த வீடும் அல்ல. வேலையோடு ஒட்டிய வீடு. தோட்ட நிர்வாகம் தன் தொழிலாளிக்குத் தரும் வீட்டில் தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் எல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. குறைந்தபட்சத் தரம்தான் அதன் பேச்சு. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை அதே வாசலில் கோலம் போட்டிருக்கலாம், வேப்பமரம் தாத்தா நட்டதாக இருக்கலாம். தோட்டம் கைமாறினாலோ தொழிலாளி ஓய்வு பெற்றாலோ, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் வரும்.

இதில் பணக்கணக்கு மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வீட்டுக் கடனின் உச்சக் காலம் 35 வருடம், ஆனால் பெரும்பாலான பேங்குகள் கடன்காரருக்கு 70 வயதாவதற்குள் கடன் முடிந்துவிட வேண்டும் என்கின்றன. 25 வயதில் கடன் எடுத்தால் 35 வருடம் முழுசாகக் கிடைக்கும். 4 விழுக்காடு வட்டியில் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மாதத் தவணை சுமார் 443. அதே கடனை 50 வயதில் எடுத்தால் 20 வருடம்தான், தவணை 606. அறுபதில் பேங்க் வாசலுக்குப் போனால் அநேகமாகக் கதவே திறக்காது. தோட்டத்தில் வீட்டு வாடகை இல்லை என்ற நிம்மதியில், கடன் எளிதாகக் கிடைக்கும் முப்பது வருடத்தையும் கழித்துவிட்டு, கடன் கிடைக்காத வயதில்தான் ஒருவர் வீட்டுச் சந்தைக்குள் காலடி வைக்கிறார். வாடகை இல்லாத வீட்டுக்கான கட்டணத்தை அவர் இந்த இடத்தில்தான் கட்டுகிறார்.

இந்த ஆபத்து நேற்று முளைத்ததல்ல. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான். தொழிலாளர்களிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாக, அதாவது ரிங்கிட்டாக, சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கூட்டுறவு பல தோட்டங்களையும் வேலைகளையும் காப்பாற்றியது. ஆனால் சங்கத்துக்கு வெளியே இருந்த தோட்டங்களில் வேலையும் வீடும் ஒன்றாகக் கட்டியிருந்த முடிச்சு அப்படியே இருந்தது.

தோட்ட வீட்டில் இருக்கும் இளைஞர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: வீட்டுத் தேடலை அப்பாவின் ஓய்வுக்கு முந்தைய வருடத்தில் தொடங்காதீர்கள், உங்கள் முதல் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள்.

பேங்க் எதைப் பார்க்கிறது?

பேங்க் மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறது. வருமானத்தை நிரூபிக்க முடியுமா? அதில் ஏற்கனவே எவ்வளவு கடனுக்குப் போகிறது? பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா?

இரண்டாவது கேள்விக்குப் பெயர் கடன் சுமை விகிதம். பேங்க்காரர் வாயில் டிஎஸ்ஆர். கையில் வரும் சம்பளத்தில் எத்தனை விழுக்காடு எல்லாத் தவணைகளுக்குமாகச் சேர்த்துப் போகிறது என்ற கணக்கு அது. உச்ச வரம்பு பேங்குக்கு பேங்க் மாறும், சம்பளம் குறைவானவர்களுக்கு இறுக்கமாகவே இருக்கும். கணக்குக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

1,700 ரிங்கிட் சம்பளத்தில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, தொழிலாளர் காப்பீடான சொக்சோ முதலியவை போகக் கையில் ஏறக்குறைய 1,500. அதில் பாதி 750. படிப்புக் கடனுக்கு மாதம் 100, மோட்டார் சைக்கிளுக்கு 260 போகிறது என்றால் மிச்சம் 390. மேலே சொன்ன அதே வட்டியில், 35 வருடத்துக்கு 390 ரிங்கிட் தவணை தாங்கும் கடன் சுமார் 88,000. மோட்டார் சைக்கிள் கடன் இல்லையென்றால் அதே சம்பளத்துக்கு 1 லட்சத்து 46 ஆயிரம் வரை கணக்கு எட்டும். மாதம் 260 ரிங்கிட் வண்டித் தவணை கிட்டத்தட்ட 58,000 ரிங்கிட் வீட்டுக் கடனைத் தின்றுவிடுகிறது. வேலைக்குப் போக வண்டி வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற பழைய கப்சாயைக் கொடுத்துவிட்டுப் புது ஒய் 15 எடுக்கும் முன், வீட்டுக் கடன் விண்ணப்பத்தை முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் இருக்கும். கடந்த 12 மாதத்தில் எந்தக் கடனை எந்த மாதம் தவறவிட்டீர்கள் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் அறிக்கை அது. படிப்புக் கடனான பிடிபிடிஎன்னும் அதில் வரும். உங்கள் அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். “பிளாக்லிஸ்ட் பண்ணிட்டாங்க” என்று பலர் சொல்வார்கள். அந்தப் பதிவு யாரையும் தடை செய்வதில்லை, நடந்ததைக் காட்டுகிறது. முடிவெடுப்பது பேங்க். பாக்கியை அடைத்துப் பன்னிரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டினால் காட்சி மாறும். இந்தப் பதிவை “சுத்தம் செய்து தருகிறேன்” என்று காசு கேட்கிறவரிடமிருந்து ஒதுங்கியே இருங்கள்.

முதல் கேள்விதான் நம் ஊரில் அதிகம் பேரை விழவைக்கிறது. செம்பனைக் குலை வெட்டும் ஒப்பந்த வேலை, இரவுச் சந்தைக் கடை, லாரி உதவியாள், வீட்டில் பலகாரம் செய்து விற்பது என்று வருமானம் இருக்கும், காகிதம் இருக்காது. இவர்களுக்காகவே வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று 2008 முதல் இருக்கிறது, மலாய்ச் சுருக்கப் பெயர் எஸ்ஜேகேபி. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர் முதல் வீடு வாங்கும்போது, அவருடைய கடனுக்கு அரசு நிறுவனம் பேங்கிடம் உத்தரவாதம் நிற்கும். பணம் தருவது பேங்க்தான். கட்டவேண்டியவர் நீங்கள்தான். உத்தரவாதம் என்றதும் கட்டாமல் விட்டால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தவர்கள் உண்டு, அது அப்படி அல்ல. இந்தத் திட்டத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: கையில் வாங்கும் காசை மாதாமாதம் பேங்க் கணக்கில் போட்டு எடுங்கள். ஆறு மாதக் கணக்கு அறிக்கையே உங்கள் சம்பளச் சீட்டு.

சுருக்கமாக: வருமானத்துக்குக் காகிதம், இருக்கும் தவணைகளின் கூட்டுத்தொகை, தவறாமல் கட்டிய பதிவு. வீட்டின் விலை இந்த மூன்றுக்கும் பிறகுதான் பேச்சுக்கு வரும்.

கையில் வேண்டிய ரொக்கம்

கடன் கிடைத்தாலும் முதல் தடை ரொக்கம். 1 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் பழைய வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 12,000. விற்பனை ஒப்பந்தத்துக்கு லாயர் கட்டணம் 2023 ஜூலை முதல் 1.25 விழுக்காடு, அதாவது 1,500. கடன் ஒப்பந்தத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. சேவை வரி, மதிப்பீட்டாளர் கட்டணம் தனி. முதல் வீடாக இருந்து 5 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் முத்திரைத் தீர்வைக்குத் தரப்படும் விலக்கைக் கேட்டு வாங்குங்கள். ஆக, பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் வேண்டும்.

“சேமநிதியில் எடுத்துக்கலாம்” என்பது உடனே வரும் பதில். எடுக்கலாம்தான். ஆனால் 2024 மே மாதம் முதல் புதிய சந்தாவில் 15 விழுக்காடுதான் வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்குப் போகிறது. 1,700 சம்பளத்துக்கு முதலாளி, தொழிலாளி இருவர் பங்கும் சேர்ந்து மாதம் 408. அதில் 15 விழுக்காடு 61 ரிங்கிட். ஈவுத்தொகையை விட்டுவிட்டால், 12,000 சேரப் பதினாறு வருடம் ஆகும். மாற்றத்துக்கு முன்பே, அப்போது வீட்டுக்கு எடுக்கக்கூடியதாக இருந்த இரண்டாம் கணக்கில் பணம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர் தனியாகச் சேமிக்காமல் முடியாது. முதல் வீட்டுக்கு நூறு விழுக்காடு கடன் தரும் திட்டங்கள் இருக்கின்றன. அவை முன்பணத்தை மிச்சப்படுத்தும், தவணையை ஏற்றும்.

லெலோங் வீடு

சந்தை விலையைவிடக் குறைவாக வீடு கிடைக்கும் வழிகளில் பேச்சுக்கு அதிகம் வருவது லெலோங், அதாவது ஏலம். கடன் கட்டாதவர் வீட்டை பேங்க் ஏலம் விடுகிறது. யாரும் கேட்காவிட்டால் அடுத்த முறை குறைந்தபட்ச விலையைக் குறைக்கிறார்கள், வழக்கமாகப் பத்து விழுக்காடு. ஆளில்லாத ஊர்களில் நான்கைந்து முறை ஏலம் போய் விலை பாதியைத் தொடுவதும் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாசல் கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள். “உள்ளது உள்ளபடி” என்ற வரி நிச்சயம் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது தெரியுமா? கூரை ஒழுகுவது, பழைய உரிமையாளர் கழற்றிக்கொண்டுபோன ஜன்னல், கட்டாத மின்கட்டணம், பாக்கி நிலவரி, எல்லாம் உங்கள் தலையில் விழலாம். உள்ளே ஆள் குடியிருந்தால் அவரை வெளியேற்றுவதும் உங்கள் வேலை, பேங்க் சாவி தராது. பாக்கிகளில் எதை விற்பனைப் பணத்திலிருந்து கழிப்பார்கள், எதை நீங்கள் கட்டவேண்டும் என்பது விற்பனை நிபந்தனைப் பத்திரத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் ஏலத்துக்குப் போகாதீர்கள்.

பெரிய ஆபத்து நேரம். பொதுவாகப் பத்து விழுக்காடு டெபோசிட்டை பேங்க் டிராஃப்டாக அன்றே கட்டவேண்டும். கிராண்ட் உள்ள வீட்டுக்கு மிச்சத்தை 120 நாளுக்குள் செலுத்தவேண்டும், தனி கிராண்ட் இன்னும் வராத வீட்டுக்குப் பெரும்பாலும் 90 நாள். அதற்குள் உங்கள் கடன் ஒப்புதலாகவில்லை என்றால் டெபோசிட் போய்விடும். ஆகவே டிஎஸ்ஆரும் சிசிஆர்ஐஎஸ்ஸும் தெரியாமல் லெலோங்குக்குக் கை தூக்குவது சூதாட்டம். எனக்குத் தெரிந்தவரை லெலோங்கில் லாபம் பார்க்கிறவர்கள் ரொக்கம் கையில் வைத்திருப்பவர்கள், கடனை நம்பி வருகிறவர்கள் அல்ல.

வாடகை, மக்கள் வீடு, எல்எம்எஸ் நிலம்

வாடகையைக் கேவலமாகப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வருடத்தில் வேலை பினாங்குக்கு மாறக்கூடும் என்றால், 35 வருடக் கடனைக் கழுத்தில் கட்டிக்கொள்வதைவிட வாடகை புத்திசாலித்தனம். குறிப்பாக, விலை ஏறாத ஊரில் அவசரமாக வாங்கிய வீட்டை அவசரமாக விற்க முடியாது.

அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வீடுகளின் வாடகை பல ஆண்டுகளாக மாதம் 124 ரிங்கிட். பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கின்றன, வரிசையும் நீளம். மாநில அளவிலான குறைந்த விலை வீட்டுக்கு பேராக்கில் வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்திடம் பதிவு செய்யலாம். சொந்த நிலம் இருந்து வீடு இல்லாதவர், அல்லது இடிந்த வீட்டில் இருப்பவர், தேசிய வீடமைப்பு நிறுவனத்தின் ரூமா மெஸ்ரா ராக்யாட் திட்டத்தைப் பார்க்கவேண்டும். மானியத்தோடு அந்த நிலத்திலேயே வீடு கட்டித் தருவார்கள்.

எல்எம்எஸ் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் தோட்டத்திலிருந்து வெளியேறிய நம்மவர்களில் பலர் போய் ஒதுங்கியது அங்கேதான். எல்எம்எஸ் என்பது அரசு நிலத்தில் தற்காலிகமாகக் குடியிருக்கக் கிடைக்கும் உரிமம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-இல் அது காலாவதியாகும், புதுப்பித்தால்தான் உண்டு. யாருக்கும் மாற்றித் தரமுடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது, பிள்ளைகளுக்குத் தானாக வராது. அடமானம் வைக்க கிராண்டே இல்லாததால் எந்தப் பேங்க்கும் கடன் தராது. அப்படியிருந்தும் இந்த வீடுகள் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கைமாறுகின்றன. சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட ஒரு காகிதம், சாட்சிக்கு இரண்டு பேர். அந்தக் காகிதத்துக்கு நில அலுவலகத்தில் மதிப்பில்லை. அங்கே நீங்கள் வாங்குவது கூரையையும் சுவரையும்தான்.

கிராண்டைப் பார்க்காமல் டெபோசிட் கட்டாதீர்கள்

எல்லாம் சரியாக வந்து ஒரு வீடு பிடித்துவிட்டது, தரகர் “இன்னிக்கே ஆயிரம் வெள்ளி புக்கிங் போடுங்க தம்பி, நாளைக்கு வேற ஆள் வரான்” என்கிறார். அந்த ஆயிரத்தைக் கொடுக்கும் முன் நில அலுவலகத்தில், சிறு கட்டணம் கட்டி, அந்த வீட்டின் கிராண்ட் எண்ணைக் கொடுத்துத் தேடல் பத்திரம் எடுங்கள். ஒன்றிரண்டு பக்கக் காகிதம். அதில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

உரிமையாளர் பெயர், உங்களிடம் பேசுகிறவருடையதுதானா? இல்லையென்றால் அவர் யார், வாரிசா, அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவரா?

நிலத்தின் காலம். நிரந்தரமா, குத்தகையா? 99 வருடக் குத்தகையில் எவ்வளவு மிச்சம்? மிச்சம் குறையக் குறைய பேங்க் பின்வாங்கும், கொடுத்தாலும் கடன் காலத்தைச் சுருக்கும்.

நிலத்தின் வகை. மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அது மாறாது. விலை கண்டபடி குறைவாக இருக்கும்போது முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான்.

கடைசியாக, உரிமைக் கட்டுப்பாடு என்ற கட்டம். மலாயில் செகாத்தான் கெப்பெந்திஙான் என்று அச்சாகியிருக்கும். குறைந்த விலை வீடுகளில் இது காலியாக இருப்பது அரிது. “மாநில அரசின் அனுமதியின்றி இந்நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது” என்பது போன்ற வரி இருக்கும். அந்த வரி இருந்தால் வீடு வாங்கக்கூடாது என்பதில்லை. விற்கிறவர் முதலில் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும், அதற்குப் பல மாதம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். ஒப்பந்தத்தில் “அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்” என்ற வாசகம் இருக்கிறதா என்று உங்கள் லாயரிடம் கேளுங்கள். விற்கிறவரின் லாயரிடம் அல்ல. செலவை மிச்சப்படுத்த இருவருக்கும் ஒரே லாயர் போதும் என்று தரகர் சொன்னால், ஒப்புக்கொள்ளாதீர்கள்.